செக்ரோலில் பேர் விழாதவன்

கடந்த தைப்பொங்கலுக்கு நான் பிறந்த மண்ணுக்குப் போயிருந்தேன். ஹட்டனில் பஸ் ஏறினால், டிக்கோயாவைத் தாண்டியதும் காசல்றீ நீர்த்தேக்கம் கூடவே வரும். நோர்வூட் சந்தியைக் கடந்ததும் பள்ளத்தாக்கு விரிந்து, இரு பக்கமும் தேயிலை மலைகள் எழுந்து நிற்கும். தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு என்று வெள்ளைக்காரத் துரைமார் பெயர் சூட்டிய பொகவந்தலாவை அதுதான். பஸ்ஸை விட்டு இறங்கி, கொழுந்து மலைகளுக்கு நடுவே ஏறிச் செல்லும் படிக்கட்டுப் பாதையில் மூச்சு வாங்க நடந்து, என் சின்னம்மா குடியிருக்கும் லயத்தை அடைந்தபோது நண்பகலாகிவிட்டது.

இஸ்தோப்பில் பாய் விரித்து, சுவரோடு மகனைச் சாய்த்து வைத்து, பொங்கலைக் கரண்டியால் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தார் சின்னம்மா. அவருக்கு வயது 74. மகனுக்கு 52. அவனது தலை ஒரு பக்கமாகச் சுழன்று சுழன்று போக, சின்னம்மாவின் இடது கை அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவன் விழுங்கி முடிக்கும்வரை அந்தக் கை அசையாமல் காத்திருந்தது. நான் பேச வாயெடுத்தபோது, "இரப்பா, அவன் முழுங்கட்டும்" என்று தடுத்தார்.

ஊட்டி முடித்துக் கை கழுவியபின் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "நீ பேப்பர்ல எல்லாத்தயும் எழுதுற. சம்பளத்த எழுதுற, எலெக்சன எழுதுற. எனக்கப்புறம் இவன யாரு தூக்குவான்னு ஒருநாளாச்சும் எழுதியிருக்கியா?"

எழுதியதில்லை. பிரஜாவுரிமை பற்றியும் கூட்டு ஒப்பந்தம் பற்றியும் மண்சரிவு பற்றியும் முப்பது ஆண்டுகளாக எழுதி வந்திருக்கின்றேன். என் சொந்தத் தம்பிமுறையான ஒருவனுடைய வாழ்வைப் பற்றி ஒரு பந்திகூட எழுதியதில்லை. அது ஒரு வீட்டுத் துயரம், செய்தியல்ல என்று எண்ணியிருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கின்றது.

அவன் பிறந்தது 1973ஆம் ஆண்டின் இறுதியில். மலையகத்தில் அந்தக் காலத்தை மறந்தவர் எவருமில்லை. அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினி பரவியிருந்த வேளை அது. கிழங்கும் கீரையும் தின்று சின்னம்மா சுமந்த பிள்ளை, லயக் காம்பராவிலேயே பிறந்தான். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்தது. கண்ணும் மஞ்சளானது. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தான். பின்னர் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கீச்சுக் குரலில் அழுதான். மஞ்சள் தானாக வடிந்துவிட்டது. பிள்ளை பிழைத்துவிட்டான் என்று எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள். தலை நிற்க வேண்டிய காலத்தில் தலை நிற்கவில்லை. உட்கார வேண்டிய காலத்தில் உட்காரவில்லை. கைகால்கள் அவன் நினைத்தபடியன்றித் தம் போக்கில் முறுக்கிக்கொண்டு ஆடின. கிரக தோஷம் என்றார்கள், செய்வினை என்றார்கள். தோட்டத்து மருந்துக்காரர் ஒரு போத்தல் டொனிக் கொடுத்தார்.

ஆறு வயதில் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினான். பேச்சு குழறும், புதியவர்களுக்கு விளங்காது. லயத்துப் பெண்களுக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கும். ஏனெனில் அவனிடம் அவர்களுக்கு ஒரு தேவை இருந்தது.

மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒருநாள் வேலை செய்தால் செக்ரோல் எனப்படும் வரவுப் பதிவேட்டில் அன்றைய கணக்கு பதியப்படும். அதைத்தான் 'பேர் விழுவது' என்பார்கள். வேலை குறைந்தால் அரைப்பேர். மாதத்துக்கு எத்தனை பேர் என்பதே ஒரு குடும்பத்தின் அடுப்பெரிவதைத் தீர்மானிக்கும். பள்ளிக்கூடமே போகாத என் தம்பி, லயத்தின் 12 காம்பராக்களிலும் யாருக்கு எத்தனை பேர், எத்தனை அரைப்பேர் என்பதை மனத்திலேயே வைத்திருப்பான். சம்பள நாளுக்கு முந்தின மாலையில் பெண்கள் இஸ்தோப்பில் வந்து குந்தி, "எனக்கு எத்தனடா?" என்று கேட்டுத் தெளிவார்கள். கணக்கப்பிள்ளையின் பதிவு பிழைத்ததுண்டு. அவனது கணக்கு பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊரார் அனைவரின் பேரையும் சுமந்த அவனுக்கு, வாழ்நாளில் ஒரு பேர்கூட விழுந்ததில்லை.

அவனது நோயைச் செரிப்ரல் பால்சி என்பார்கள். தமிழில் மூளை முடக்குவாதம் என்று வழங்குகின்றது. வளரும் பருவத்து மூளையில், பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் சேதத்தால் உடலின் அசைவும் நிலையும் பாதிக்கப்படுவதே அது. அந்தச் சேதம் ஒருமுறை நிகழ்வது, பின்னர் பெருகுவதில்லை. அறிவு பாதிக்கப்பட்டே தீரும் என்பதுமில்லை. சிலருக்குத் தசைகள் விறைக்கும். சிலருக்கு, என் தம்பியைப்போல, உடல் கட்டுக்கடங்காமல் முறுகி ஆடும்.

இந்நோயை முதன்முதலில் விரிவாக விளக்கியவர் இலண்டன் அறுவைச் சிகிச்சை நிபுணரான வில்லியம் ஜோன் லிட்டில். சிறு வயது முதல் வளைந்த பாதத்தோடு நடந்தவர் அவர். 1836இல் ஜேர்மனிக்குச் சென்று ஸ்ட்ரோமெயர் என்ற வைத்தியரிடம் அறுவைச் சிகிச்சை பெற்று, அந்தக் கலையைத் தானும் கற்றுத் திரும்பினார். கடினமான பிரசவத்துக்கும் பிள்ளைகளின் உடல் விறைப்புக்கும் உள்ள தொடர்பு பற்றி அவர் 1861இல் இலண்டன் மகப்பேற்றுச் சங்கத்தில் வாசித்த கட்டுரை, 1862இல் அச்சேறியது. அதன்பின் 1889இல் வில்லியம் ஒஸ்லர் ஒரு நூலை வெளியிட்டார். 1897இல் இன்னொரு பெரிய நூலை எழுதியவர், பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வால் உலகப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட். நரம்பியல் வைத்தியராக இருந்த காலத்தில் அவர், கடினமான பிரசவமே எல்லாவற்றுக்கும் காரணமாகாது, கருவிலேயே நேர்ந்த கோளாறின் விளைவாகவும் அந்தப் பிரசவம் கடினமாகியிருக்கலாம் என்று வாதிட்டார். சுமார் 90 ஆண்டுகளுக்குப் பின்னர் 1980களில் நடந்த பெரிய ஆய்வுகள் அவர் பக்கமே சாய்ந்தன.

இம்மூன்று படைப்புகளின் தலைப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மூன்றிலும் 'குழந்தை' என்ற சொல் இருக்கின்றது. அது அவர்கள் குற்றமன்று. அவர்கள் கண்ணெதிரே இருந்தவர்கள் குழந்தைகளே. அன்றைய உலகில் இக்குழந்தைகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பலர் நெடுநாள் வாழவுமில்லை. எனினும் அன்று விழுந்த அந்தச் சொல்லின் நிழல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. வைத்தியமும் பள்ளியும் தொண்டு நிறுவனமும் இதைக் குழந்தைகளின் நோயாகவே கண்டன. அந்தக் குழந்தை வளர்ந்து நாற்பது, ஐம்பது வயதை எட்டுவான் என்பதை எண்ணி எவரும் ஏற்பாடு செய்யவில்லை.

மஞ்சள் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் அளவு மீறினால், அது மூளையின் ஆழத்தில் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிகளில் படிந்து அவற்றைச் சிதைத்துவிடும். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரொச்போர்ட் வைத்தியசாலையில், 1956ஆம் ஆண்டளவில், வார்ட் என்ற தலைமைத் தாதி குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதை அவர் கவனித்துச் சொன்னார். அந்த அவதானத்தைத் தொடர்ந்து கிரெமர் என்ற வைத்தியரும் சகாக்களும் 1958இல் ஒளிச் சிகிச்சை பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். என் தம்பி பிறப்பதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே உலகம் அறிந்திருந்த வைத்தியம் அது. தக்க வேளையில் கிடைத்த நீல ஒளி அவனது வாழ்வையே மாற்றியிருக்கக்கூடும். அந்த ஒளி லயக் காம்பராவுக்கு வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்ற கேள்வியே தோட்ட வைத்தியத்தின் வரலாற்றுக்கு நம்மை இட்டுச் செல்கின்றது.

கோப்பிக் காலத்தில், 1872ஆம் ஆண்டு, மருத்துவத் தேவைகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டு வைத்தியர்கள் நியமிக்கப்பட்டார்கள். கோப்பி நோயில் அழிந்து தேயிலை தழைத்தபின் 1912இல் புதிய சட்டங்கள் வந்தன. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல், நோயுற்ற தொழிலாளியை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தல் ஆகியவை தோட்டத்துரையின் கடமைகளாக்கப்பட்டன. அக்காலத்துக் குடியேற்ற நாடொன்றின் சட்டம் என்ற வகையில் அவை அற்பமானவையல்ல. ஆயினும் அச்சட்டங்களின் கண்ணில் யார் பட்டார்கள் என்று பாருங்கள். தொழிலாளி பட்டார். தொழிலாளியை ஈன்றெடுக்கும் தாய் ஒரு மாதத்துக்குப் பட்டார். நாளைய தொழிலாளியாகிய சிசு ஓராண்டுக்குப் பட்டது. உழைக்க இயலாமல் வளர்ந்துவிட்ட ஒருவனுக்கு அங்கே இடமில்லை. பேர் விழாதவன் மருந்துக்கும் உரியவனல்லன் என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் முழு அமைப்பும் அந்தக் கணக்கின்மீதே எழுப்பப்பட்டிருந்தது.

1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டபோது இம்மக்கள் நாட்டின் கணக்கிலிருந்தும் நீங்கினார்கள். தீவு முழுவதும் இலவச சுகாதார சேவை வேரூன்றிய காலத்தில் தோட்டத்து நோயாளி மருந்துக்காரரின் டிஸ்பென்சரிக்கே விடப்பட்டான். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பது பற்றிய பேச்சும் செயலும் அதன்பின்னர் தவணை தவணையாகவே நடந்தேறின. முன்னேற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்று பொகவந்தலாவைப் பெண்கள் வைத்தியசாலையில் பிரசவிக்கின்றார்கள். இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு எழுந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலையை 2017ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். குழந்தைக்கு மஞ்சள் என்றால் இன்றைய தாய்க்கு எங்கே ஓட வேண்டும் என்று தெரியும். ஆனால் 1973இன் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

இரு வரலாறுகளும் என் தம்பியின் உடலில் சந்தித்தன. வைத்திய உலகம் அவனைக் குழந்தையாக மட்டும் கண்டது. தோட்டம் மனிதனை உழைப்பாளியாக மட்டும் கண்டது. அவன் குழந்தையாக இருந்து நீங்கினான், உழைப்பாளியாக ஆகவில்லை. ஆகவே 12, 13 வயதுக்குப் பின்னர் அவனை எந்த வைத்தியரும் எந்தக் கிளினிக்குக்கும் கூப்பிடவில்லை. "இது மாறாத நோய்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாறாது என்றால் குணமாகாது என்றுதான் அவர்கள் பொருள்கொண்டார்கள். இப்படியே இருக்கும், மோசமாகவும் ஆகாது என்று எங்கள் குடும்பம் பொருள்கொண்டது. இரண்டாவது பொருள் பிழையானது என்று தெரிய எங்களுக்கு 25 ஆண்டுகள் சென்றன.

மூளையின் காயம் வளர்வதில்லை. உடலுக்கோ ஆண்டுதோறும் வயதேறுகின்றது. சாதாரண மனிதன் ஒரு காலடி வைக்கச் செலவிடும் சக்தியைப்போலப் பன்மடங்கைச் செலவிட்டு, கோணலான மூட்டுகளின்மீது முழு எடையையும் சுமத்தி நடக்கும் உடல் அது. அதனால் மற்றவர்களுக்கு அறுபதில் வரும் மூட்டுத் தேய்வு இவர்களுக்கு முப்பதிலும் நாற்பதிலும் வந்துவிடும். இடுப்பு மூட்டு விலகலாம், முதுகெலும்பு வளையலாம். நிற்காத கால்களின் எலும்பு பலவீனமாகும். வலிப்புக்காக நெடுங்காலம் உண்ணும் சில மருந்துகள் அதை மேலும் மெலிவிக்கும். ஓய்வெடுத்தும் தீராத களைப்பு வரும். மலச்சிக்கல், சிறுநீர்த் தொல்லை, பற்சிதைவு, ஓயாத வலி, அவற்றோடு மனச்சோர்வும் சேரும். சுவீடனில் 221 பேரிடம் நடத்தி 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 35 வீதமானோர் தமது நடை குறைந்துவிட்டதாகவும், மேலும் 9 வீதமானோர் நடப்பதையே நிறுத்திவிட்டதாகவும் தெரிவித்தார்கள்.

என் தம்பி 38ஆவது வயதில் நடையை நிறுத்தினான். முதலில் கோயிலுக்குப் போகும் படிக்கட்டைக் கைவிட்டான். பிறகு பைப்படிக்குப் போவதைக் கைவிட்டான். கடைசியில் இஸ்தோப்போடு அவன் உலகம் முடிந்தது. இடுப்பு வலிக்கின்றது என்று அழுதான். ஆனி, ஆடி மாதத்துத் தென்மேற்குப் பருவமழையில், லயத்துச் சுவர் ஈரம் கசியும் இரவுகளில், உடல் முறுக்கேறி உறக்கமின்றிக் கிடந்தான். சோம்பல், அம்மா செல்லம் என்று பேசியவர்களுள் நானும் ஒருவன். இதை எழுத வெட்கமாக இருக்கின்றது.

உலகத்து வைத்தியமும் இதைத் தாமதமாகவே உணர்ந்தது. இந்நோயாளரின் இயக்க ஆற்றலை ஐந்து நிலைகளாக வகுக்கும் அளவுகோல் கனடாவில் 1997இல் வெளிவந்தபோது 12 வயதோடு முடிந்தது. 2007இல் அது 18 வயதுவரை நீட்டப்பட்டது. அசைவு, உடல்நிலை என்ற இரண்டை மட்டும் பேசிய 1964ஆம் ஆண்டு வரைவிலக்கணத்துக்குப் பதிலாக 2007இல் வெளியான புதிய வரைவிலக்கணம்தான், பின்னாளில் விளையும் எலும்பு, தசைக் கோளாறுகளையும் சேர்த்துக்கொண்டது. பிரித்தானியாவில் குழந்தைகளுக்கான தேசிய வழிகாட்டி 2017இல் வந்தது. வளர்ந்தோருக்கான வழிகாட்டி 2019 ஜனவரியில் வந்தது. லிட்டில் கட்டுரை வாசித்த நாளிலிருந்து எண்ணினால் 150 ஆண்டுகளுக்கும் மேல்.

2020இல் பெருந்தொற்றின் ஊரடங்குக் காலத்தில் தம்பியின் கைகள் சோரத் தொடங்கின. ஆடிக்கொண்டே இருந்தாலும் தேநீர்க் கோப்பையைத் தானே பற்றிக் குடித்து வந்தவன், கோப்பையை நழுவவிட்டான். விரல்கள் மரத்துப்போயின என்றான். சிறுநீர் அடங்கவில்லை. ஊரடங்கு தளர்ந்தபின், கம்பளியில் தொட்டில் கட்டி நான்கு பேர் சுமந்து பாதைக்கு இறக்கி, வேன் பிடித்து அழைத்துச் சென்றோம். ஒன்றுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகளில் ஒரே பதிலே கிடைத்தது: "இது பிறவியிலேயே உள்ள வருத்தம்." பிறவியில் வந்தது 47ஆவது வயதில் எப்படிப் புதிதாகக் கையைப் பறிக்கும் என்று அவர்களும் கேட்கவில்லை; நாங்களும் கேட்கத் துணியவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாடே வரிசையில் நின்றது. இன்னொரு ஆண்டு வீணாயிற்று.

2023இல் இளம் வைத்தியர் ஒருவர்தான் சின்னம்மாவைப் பார்த்து, "மூன்று வருடத்துக்கு முன் இவரால் என்ன செய்ய முடிந்தது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவரை என்றும் நினைப்பேன். கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் சிதைந்து முண்ணாணை நெரித்துக்கொண்டிருந்தன. ஐம்பது ஆண்டுகளாக ஓயாமல் சுழன்ற தலையின் பாரம் அந்தக் கழுத்தைத் தேய்த்திருந்தது. இது அரிய சங்கதியுமல்ல. ஜப்பானிய வைத்தியர்கள் இத்தகைய உடல் முறுகல் உள்ள 180 பேரின் கழுத்தை எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்து 1996இலேயே எழுதியிருக்கின்றார்கள். அவர்களில் 51 வீதமானோரிடம் முற்றிய தட்டுத் தேய்வு காணப்பட்டது. இது ஏனையோரைவிட எட்டு மடங்கு. அறுவைச் சிகிச்சை நடந்தது. மேலும் மோசமாவது நின்றது. போன கை திரும்பவில்லை. முதல் ஆண்டிலேயே வந்திருந்தால் என்று வைத்தியர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை.

இந்நோயோடு மூத்தவர்கள் வீட்டிலிருக்கும் வாசகர்கள் இதை மட்டுமாவது மனத்தில் இருத்துங்கள். நேற்றுவரை செய்ததை இன்று செய்ய முடியவில்லை என்றால் அது பழைய நோயல்ல. காரணம் தேட வேண்டிய புதிய நோய். கை மரத்தல், நடை தளர்தல், சிறுநீர் அடங்காமை, அடிக்கடி விழுதல் ஆகியவற்றைப் பிறவிக் கணக்கில் எழுதிவிட யாரையும் விடாதீர்கள்.

உண்ணும்போது இருமினாலோ, மார்ச்சளி அடிக்கடி வந்தாலோ, விழுங்கும் தசைகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். உணவும் உமிழ்நீரும் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சி உண்டாவது இவர்களின் உயிருக்கே ஆபத்தானது. இடது பாதத்தால் எழுதியும் வரைந்தும் புகழடைந்த அயர்லாந்து எழுத்தாளர் கிறிஸ்டி பிரவுணை நம்மில் பலர் அறிவோம். 1954இல் அவரது சுயசரிதை வெளிவந்தது. 1989இல் அது திரைப்படமாயிற்று. 1981இல், தமது 49ஆவது வயதில், உணவு தொண்டையில் அடைத்து அவர் இறந்தார். அந்தக் காட்சி திரைப்படத்தில் இல்லை. இவர்களின் வெற்றிக் கதைகளை இளமையோடு நிறுத்திக்கொள்வதே நம் வழக்கமாகிவிட்டது. "அவன் முழுங்கட்டும்" என்று என்னைத் தடுத்த சின்னம்மா, எந்த நூலையும் படியாமலே அந்த ஆபத்தை அறிந்திருந்தார்.

இந்தியாவிலும் இப்பணி பெற்றோரின் கண்ணீரிலிருந்தே பிறந்தது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த தம் மகள் மாலினிக்காகத்தான் மிது ஆலூர் 1972இல் மும்பையில் முதலாவது பள்ளியைத் தொடங்கினார். 1985இல் பூனம் நடராஜன் சென்னையில் ஆரம்பித்த நிறுவனமே இன்று வித்யாசாகர் என்ற பெயரில் இயங்குகின்றது. மாலினி சிப் முதுகலைப் பட்டங்கள் பெற்று, ஒற்றை விரலால் தட்டச்சு செய்து, 2010இல் தமது சுயசரிதையையும் வெளியிட்டார். பள்ளி என்ற வாசலை அந்தத் தலைமுறை திறந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளே இன்று ஐம்பதைக் கடந்து நிற்கின்றார்கள். இனித் திறக்க வேண்டியது மூப்பின் வாசல்.

இலங்கையில் இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016இல் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் லயத்திலிருந்து பாதைக்கு இறங்கும் படிக்கட்டில் சக்கர நாற்காலி உருளாது. ஒருமுறை கண்டி போய்வர வேன் கூலிக்கே அந்தப் பணம் கரைந்துவிடும். இதைவிடப் பெரியது இன்னொன்று. லயக் காம்பரா தோட்டத்து வேலையோடு பிணைக்கப்பட்டது. தோட்டத்தில் பேர் போட ஒருவரும் இல்லாத வீட்டில் கடைசியாக மிஞ்சுபவன் என் தம்பியைப் போன்றவன் என்றால், அந்தக் கூரை யாருடையது?

நான் கேட்பது பெரிய காரியங்களையல்ல. குடும்பநல உத்தியோகத்தர்கள் கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் வீடு வீடாகப் பதிந்து பார்த்துவரும் அருமையான மரபு நம் நாட்டில் உண்டு. அந்தப் பதிவேட்டில் வளர்ந்துவிட்ட இவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கழுத்து, இடுப்பு, எலும்பு, பல், விழுங்குதல், வலி ஆகியவற்றைப் பார்க்கும் ஒரு பரிசோதனை டிக்கோயாவிலேயே நடக்க வேண்டும். படியேறி வரும் ஓர் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் வேண்டும். தாய் இருக்கும்போதே, தாய்க்குப் பின் யார் என்பதை எழுத்தில் வைக்கும் ஒரு நடைமுறை பிரதேச செயலகத்தில் வேண்டும். காணியும் வீடும் வழங்கும்போது இவர்களின் பெயரும் உறுதியில் இடம்பெற வேண்டும்.

புறப்படும்போது தம்பி என்னை அழைத்தான். "அண்ணே" என்ற சொல் மட்டும் தெளிவாக விழுந்தது. மீதியைச் சின்னம்மா கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர் சொல்லாமல் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். நான் வற்புறுத்தியபின் சொன்னார்.

அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கின்றானாம். ஞாயிறு, போயா கழிக்காமல், அவன் பிறந்த நாளிலிருந்து அம்மா அவனைத் தூக்கிய நாட்கள் பத்தொன்பதாயிரத்துக்கும் மேல். "அத்தனையும் முழுப்பேர், ஒரு அரைப்பேர் கெடையாது" என்றானாம். அதை யார் செக்ரோலில் எழுதுவார்கள் என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னானாம்.

அவனது கணக்கு பிழைத்ததில்லை. வீடு திரும்பி நானும் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.